சின்னப் பிள்ளைகளோடு காட்டுப்பக்கம் கூடாரம் போட்டுத் தங்கலாமா?

கோவைத்தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறை வருகிறது. பெரியவளுக்கு 6 வயது, சின்னவனுக்கு 3. இரண்டு பேரும் அடுக்குமாடி வீட்டில் வளர்கிறவர்கள். ஊருக்குப் போனால் சின்னவன் வெறும் மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று இடுப்பில் ஏறிக்கொள்கிறான். அதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. மரம், ஆறு, இருட்டு, நட்சத்திரம் எல்லாம் இந்த வயதிலேயே அவர்களுக்குப் பழக்கமாக வேண்டும் என்று ஆசை.

மசினகுடிப் பக்கம் காட்டை ஒட்டிக் கூடாரத்தில் தங்கலாம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். தீ மூட்டி உட்காருவது, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் அவர்களே ஏற்பாடு. முதல் நாள் அங்கே, மறுநாள் ஊட்டி, அதற்கடுத்த நாள் கோத்தகிரி வழியாகத் திரும்புவது என்று திட்டம் போட்டிருக்கிறேன். மனைவி "இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்" என்கிறார். சின்னப் பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எங்கே போகலாம், என்னென்ன எடுத்துப் போக வேண்டும், ராத்திரி எப்படிச் சமாளிப்பது?

வாளையாறு எழுதியது:

தம்பி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறீர்களே, அதுவே நல்ல காரியம். ஆனால் அந்த விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

மசினகுடி இருப்பது சீகூர் பீடபூமியில். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கிட்டே வருகிற பகுதி அது. முதுமலைக்கும் சத்தியமங்கலம் காட்டுக்கும் இடையே யானைகள் போய் வருகிற தடம் அதன் வழியாகத்தான் போகிறது. அந்தத் தடத்தில் இருந்த விடுதிகளை 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பூட்டி முத்திரை வைத்தார்கள். யானை வழித்தட அறிவிப்பு சட்டப்படி செல்லும் என்று 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் தீர்ப்பும் சொல்லிவிட்டது. இப்போது அங்கே எது அனுமதியோடு நடக்கிறது, எது அனுமதி இல்லாமல் நடக்கிறது என்று விளம்பரத்தைப் பார்த்து நம்மால் சொல்ல முடியாது.

சட்டத்தை விடுங்கள். ராத்திரி யானை நடமாடுகிற இடத்தில் கூடாரத் துணி எதைத் தடுக்கும்? வாழைப்பழம், வெல்லம் இவற்றின் வாசம் யானைக்கு வெகு தூரத்திலிருந்தே தெரியும். பிள்ளைகளுக்காக நாம் கொண்டு போவதும் அவைதான். நடுராத்திரியில் மூன்று வயசுக் குழந்தை ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அழுதால் இருட்டில் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள்.

காட்டைப் பகலில் பார்க்கட்டும். ராத்திரி மனுஷர் குடியிருக்கிற இடத்தில் தூங்கட்டும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் சிறிசாக இருந்தபோது இப்படித்தான் நடந்துகொண்டோம். அவர்களுக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

மலைமேல்மழை எழுதியது:

வாளையாறு அண்ணா சொல்கிற இடம் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூடாரமே வேண்டாம் என்று இந்தப் பேச்சு முடிந்துவிடக் கூடாது. என் மகளுக்கு இரண்டு வயது ஆனதிலிருந்து கூடாரத்தில் தூங்கப் பழக்கியிருக்கிறோம். துணிக்கு அந்தப் பக்கம் தவளைச் சத்தமும் ஆந்தைச் சத்தமும் கேட்டுக்கொண்டே தூங்குகிற சந்தோஷம் கான்கிரீட் அறையில் கிடைக்காது. இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். காட்டை விட்டுத் தள்ளியிருக்கிற தோட்டம், சுற்றிலும் வேலி, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடு, பக்கத்திலேயே கழிவறை. இவ்வளவு இருந்தால் தாராளமாகப் போடலாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், "குழந்தை இருக்கிறது, எங்கேயும் போகக் கூடாது" என்று நம் வீடுகளில் எளிதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். பத்து வயதுக்கு மேல் திடீரென்று மலைக்குக் கூட்டிப்போனால் பிள்ளை போனுக்கு சிக்னல் எங்கே கிடைக்கும் என்று கேட்கும். மண்ணைத் தொட்டு விளையாடுகிற வயசு இப்போதுதான்.

சாளைக்காரி எழுதியது:

உடுமலைப் பக்கம் எங்களுக்குத் தோட்டம். மலைமேல்மழை சொல்கிற மாதிரி இடம்தான். விடுமுறைக்கு அண்ணன் பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிடுவார்கள். சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, முன்னால் களத்தில்தான் ராத்திரிப் படுக்கை.

கோவைத்தம்பி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் இதெல்லாம் புதிது இல்லை. பௌர்ணமிக்கு நிலாச்சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை, பொங்கல் முடிந்ததும் பூப்பறிக்கிற நோன்பு. கட்டுச்சோறும் முறுக்கும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் கூட்டமாக ஆவாரம்பூ பறிக்கப் போவார்கள். பெரியவர்கள் கூடவே இருப்பார்கள், பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஓடுவார்கள். அந்தப் பழக்கத்தை மறுபடி எடுத்துக்கொண்டாலே உங்கள் ஆசையில் பாதி நிறைவேறிவிடும்.

படுக்கைக்குக் கயிற்றுக்கட்டில் போடுங்கள். தரையில் பாய் விரித்துப் படுக்க வைக்காதீர்கள். எங்கள் மாமனார் இதில் ரொம்பக் கண்டிப்பு. கட்டில் கால் மண்ணில் நிற்கும், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சொருகிவிடுவோம். வானம் முழுசாகத் தெரியும். கூடாரத்துக்குள்ளே படுத்தால் நட்சத்திரம் எங்கே தெரியும்?

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், அரிசிம்பருப்பு சாதம் வையுங்கள். ஒரே பாத்திரம். நெய் ஊற்றித் தட்டில் போட்டால் சாப்பிட அடம் பிடிக்கிற பிள்ளையும் வாங்கிச் சாப்பிடும். மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டுவதைப் பெரியவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். சுள்ளி பொறுக்கி வருகிற வேலையை அவளிடமே கொடுங்கள்.

குழந்தைவைத்தியர் எழுதியது:

சாளைக்காரி அக்காவின் மாமனார் சொன்னதற்கு வைத்தியக் காரணம் இருக்கிறது. நம் பகுதியில் ராத்திரி தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். கடித்த இடத்தில் வீக்கமும் வலியும் அதிகம் இருக்காது, பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. பிள்ளை காலையில் வயிற்று வலி என்று சொல்லும், கண் இமை தூக்க முடியாமல் இருக்கும், பேச்சு குழறும். தரையில் படுத்த பிள்ளைக்கு இப்படி இருந்தால் பாம்புக்கடியாகவே எடுத்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். புறப்படும் முன்பே அந்த ஊரில் எந்த மருத்துவமனையில் அந்த மருந்து இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றைப் பெற்றோர்கள் பெரும்பாலும் நினைத்தே பார்ப்பதில்லை. உண்ணிக்காய்ச்சல். புதர், புல் இவற்றில் இருக்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. நம் மாநிலத்தில் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில், அதாவது நீங்கள் போகிற இந்தச் சமயத்தில்தான், அதிகம் பார்க்கிறோம். கடித்து 6 நாளிலிருந்து 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். அதற்குள் சுற்றுலா போனதே எல்லோருக்கும் மறந்திருக்கும். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுப்பாகப் பொருக்கு தட்டிய சின்னப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். சில பிள்ளைகளுக்கு அந்தப் புண் இல்லாமலும் இருக்கும். ஆகவே திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் "காட்டுப்பக்கம் போயிருந்தோம்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை சொன்னால் போதும், சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். குணப்படுத்த நல்ல மருந்து உண்டு, தாமதம் ஆனால்தான் ஆபத்து.

தடுக்க எளிய வழி இருக்கிறது. முழுக்கால் சட்டை, சாக்ஸ், மூடிய காலணி. கழற்றிய துணியைப் புல்மேல் போடக் கூடாது. சாயங்காலம் வந்ததும் குளிப்பாட்டித் துணி மாற்றிவிடுங்கள். கொசு விரட்டி தடவினால் கை, கண், வாய்ப் பக்கம் வேண்டாம். நீங்கள் உங்கள் கையில் எடுத்துப் பூசுங்கள், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

மலைமேல்மழை எழுதியது:

டாக்டர், சின்னவனுக்கு வெறுங்காலில் மண்ணைப் பழக்க வேண்டும் என்றுதான் அவர் கேட்கிறார். நீங்கள் சாக்ஸ் போடச் சொல்கிறீர்கள்.

குழந்தைவைத்தியர் எழுதியது:

பெருக்கிய களத்திலும், உழுத வயலிலும், ஆற்று மணலிலும் வெறுங்காலோடு விளையாடட்டும், நல்லது. புல்லும் புதரும் உள்ள இடத்தில் மட்டும் மூடிக்கொள்ளட்டும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

குன்னூர்க்காரி எழுதியது:

இங்கே குடியிருப்பவள் என்ற முறையில் ஊட்டித் திட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று நாளில் மசினகுடி, ஊட்டி, கோத்தகிரி என்றால் பிள்ளைகள் பார்க்கப் போவது கார் ஜன்னலைத்தான். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவு. பெரியவர்களுக்கே தலை சுற்றும். விடுமுறை நெரிசலில் பிள்ளை வாந்தி எடுத்தால் ஓரம் கட்டக்கூட இடம் கிடைக்காது. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும், அதையும் மறக்காதீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்தால் வழியில் குடிநீர் இயந்திரத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கமெல்லாம் உறைபனி விழும். காலையில் புல் வெள்ளையாக இருக்கும். அந்தக் குளிரில் மூன்று வயசுப் பிள்ளையைக் கூடாரத்தில் படுக்க வைக்க வேண்டாம். குளிருக்குப் பயந்து அறைக்குள்ளேயோ கூடாரத்துக்குள்ளேயோ கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் மூச்சடைத்து இறந்த செய்திகள் மலை ஊர்களிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. கரி எரியும்போது வருகிற நச்சு வாயுவுக்கு வாசம் கிடையாது. எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

அப்புறம், குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள், எனக்குப் பார்க்கவே பதறும். குரங்கு கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி உடனே ஊசிக்குப் போக வேண்டும்.

வாளையாறு எழுதியது:

இத்தனை பேர் "வேண்டாம்" சொல்லிவிட்டோம், பாவம் அவர் எங்கேதான் போவார்? இரண்டு இடம் சொல்கிறேன்.

ஒன்று பரளிக்காடு. காரமடையிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில், பில்லூர் அணையின் நீர்ப்பிடிப்பை ஒட்டி இருக்கிறது. வனத்துறையும் அங்குள்ள பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்துகிற சூழல் சுற்றுலா. வார இறுதியில் நடக்கும், முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். உயிர்காப்புச் சட்டை மாட்டிப் பரிசலில் கூட்டிப்போவார்கள். பரிசல் ஓட்டுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள், கரையோரம் மான் வந்தாலும் பறவை உட்கார்ந்தாலும் நமக்கு முன்னே அவர்கள் கண்ணில் படும். மதியச் சாப்பாட்டை அந்த ஊர்ப் பெண்கள் சமைத்துப் போடுவார்கள், ராகிக் களியும் இருக்கும். நாம் கொடுக்கிற பணம் அந்த ஊருக்குள்ளேயே போகிறது என்பதில் எனக்குத் தனி நிறைவு. ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் பூச்சமரத்தூரில் பவானி ஆற்றங்கரையில் வனத்துறையின் தங்கும் விடுதி உண்டு. காட்டுக்கு நடுவே ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டு தூங்கலாம். நான்கு சுவரும் கதவும் இருக்கும்.

இன்னொன்று டாப்சிலிப். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை சோதனைச் சாவடி வழியாகப் போக வேண்டும். அந்தக் காலத்தில் வெட்டிய மரங்களை மலை மேலிருந்து கீழே சறுக்கி விட்டார்களாம், அதனால் வந்த பேர். அங்கே கோழிகமுத்தி யானைகள் முகாமுக்கு வனத்துறை வண்டியில் கூட்டிப்போவார்கள். யானைக்குச் சோறு கொடுக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். களியும் சோறும் உருட்டி யானை வாய்க்குள் பாகன் வைக்கிறதைப் பார்த்தால் உங்கள் சின்னவன் அன்று ராத்திரி நீங்கள் ஊட்டுகிற சோற்றைத் தானாக வாங்கிக்கொள்வான். ஹியூகோ வுட் என்கிற வனத்துறை அதிகாரியின் கல்லறையும் டாப்சிலிப்பில் இருக்கிறது. வெட்டி மொட்டையாகிக் கிடந்த மலையில் மறுபடி தேக்கு வளர வைத்தவர். கைத்தடியால் குழி போட்டு விதை போட்டுக்கொண்டே நடப்பாராம். இந்தக் கதையைப் பெரியவளுக்குச் சொல்லுங்கள், ஆறு வயசுக்கு நன்றாகப் புரியும்.

எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு நாளைக்கு ஒரே இடம். நம் அவசரம் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஒரு எறும்புப் புற்றைப் பார்த்தால் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். "வா வா, அருவி பார்க்க வேண்டாமா" என்று இழுக்காதீர்கள். அந்த எறும்புப் புற்றுக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

செங்கற்பட்டுவாசி எழுதியது:

கோவைக்காரர்கள் பேச்சில் குறுக்கிடுகிறேன். சென்னைப் பக்கம் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு வேடந்தாங்கல். சென்னையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள். நவம்பரிலிருந்து மார்ச் வரை பருவம். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள், மழை பொய்த்த வருஷம் பறவை வராது. கரை நெடுக நடக்கலாம், தொலைநோக்கி வாடகைக்குக் கிடைக்கும். சின்னப் பிள்ளைக்கு இருபது பறவை பேர் சொல்லித் தராதீர்கள். கரண்டிவாயன், பாம்புத்தாரா, கூழைக்கடா என்று மூன்று போதும். கரண்டி மாதிரி மூக்கைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. சாயங்காலம் கூட்டம் கூட்டமாகக் கூடு திரும்பும், அந்த நேரத்தில் அங்கே இருக்கிற மாதிரி போங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊர் விவசாயிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பறவையைச் சுட வந்தவர்களை எதிர்த்து 1798இலேயே ஆட்சியரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஊர் அது.

பிச்சாவரமும் நல்லது. அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் போங்கள். மோட்டார் படகு சத்தத்தில் ஒன்றும் தெரியாது. வெயில் ஏறும் முன் காலையிலேயே போய்விட வேண்டும்.

குழந்தைவைத்தியர் எழுதியது:

தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். ஓடையோ ஆறோ அருவியோ, பிள்ளை தண்ணீரில் நிற்கும்போது ஒரு பெரியவர் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை இருக்கக் கூடாது, போனும் கையில் இருக்கக் கூடாது. நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்திருக்கலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டான். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, செருப்பைக்கூட எடுக்க நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். வனத்துறையோ காவல்துறையோ குளிக்கத் தடை போட்டிருந்தால் அங்கே வாக்குவாதம் வேண்டாம்.

மலைப்பாதைக்கு: புறப்படும் முன் பால் கொடுக்காதீர்கள், வயிறு முட்டவும் ஊட்டாதீர்கள். இரண்டு இட்லி போதும். காரில் போன் பார்க்க விட்டால் வாந்தி நிச்சயம். முன்னால் சாலையைப் பார்க்கிற மாதிரி உட்கார வையுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம், பாராசிட்டமால் மருந்து, வீசிங் உள்ள பிள்ளை என்றால் அதன் இன்ஹேலர் கையிலேயே இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.

கோவைத்தம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மனைவியும் நானும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். மசினகுடியை விட்டுவிட்டோம். கிணத்துக்கடவுப் பக்கம் என் சித்தப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது, அங்கே இரண்டு ராத்திரி. நடுவில் ஒரு நாள் டாப்சிலிப். பரளிக்காட்டைப் பொங்கலுக்கு அப்புறம் தனியாக வைத்துக்கொள்கிறோம். இடையில் சனிக்கிழமை காலைகளில் வெள்ளலூர் குளத்துப் பக்கம் வண்ணத்துப்பூச்சி பூங்காவுக்குக் கூட்டிப்போய்ச் சின்னவனைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறக்கிப் பார்க்கலாம் என்பது மனைவியின் யோசனை.

இரண்டு சந்தேகம். பெரியவள் கூடாரம் கட்டாயம் வேண்டும் என்கிறாள், சொல்லி வைத்துவிட்டேன். தோப்பில் எந்த இடத்தில் போடலாம்? தோப்பில் இருட்டு அதிகம், சின்னவனுக்கு இருட்டென்றால் பயம், அதற்கு என்ன செய்யலாம்?

சாளைக்காரி எழுதியது:

தென்னை மரத்துக்கு அடியில் போடவே போடாதீர்கள்! மட்டை விழும், நெத்து (முற்றிக் காய்ந்த தேங்காய்) விழும். மரம் இல்லாத களமாகப் பார்த்து, சாளை வாசலுக்கு எதிரில் போடுங்கள். வாய்க்கால் ஓரமும் கற்குவியல் பக்கமும் வேண்டாம். பகலிலேயே அந்த இடத்தை நன்றாகப் பெருக்கிவிடுங்கள்.

மலைமேல்மழை எழுதியது:

கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் முழுசாக மூடியே வைத்திருங்கள், பகலிலும்தான். உள்ளே தின்பண்டம் வேண்டாம், எறும்பு வரும். மார்கழிப் பனிக்கு விடியற்காலையில் கூடாரத் துணி நனைந்து சொட்டும், மேலே ஒரு தார்ப்பாய் கட்டிவிடுங்கள். பிள்ளைகளை நடுவில் படுக்க வைத்து நீங்கள் இரண்டு பேரும் ஓரத்தில் படுங்கள். காலணியை வெளியே விட்டிருந்தால் காலையில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். இதைப் பெரியவளுக்கே சொல்லிக் கொடுங்கள், பழகிவிடும்.

இருட்டுக்கு நாங்கள் செய்தது இதுதான். முதல் நாள் சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போதே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு களத்தில் உட்கார்ந்துவிடுங்கள். விளக்கைப் போடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுவதை உங்கள் கூடவே இருந்து பார்த்தால் அவனுக்குப் பயம் வராது. முதல் நட்சத்திரம் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். கழிவறைக்குப் போக டார்ச் லைட்டை அவன் கையிலேயே கொடுத்து முன்னால் நடக்கச் சொல்லுங்கள்.

வாளையாறு எழுதியது:

கிணத்துக்கடவு என்றால் மலையடிவாரத்திலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. இருந்தாலும் சித்தப்பாவிடம் காட்டுப்பன்றி தோப்புக்குள் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வருகிறது என்றால் அந்த இரண்டு ராத்திரியும் சாளைத் திண்ணையில் கட்டில் போட்டுக்கொள்ளுங்கள், கூடாரத்தைப் பகல் விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும். டாப்சிலிப்புக்குக் காலையிலேயே சேத்துமடை போய்ச் சேருங்கள். சாயங்காலம் நேரத்தோடு இறங்கிவிட வேண்டும்.

கோவைத்தம்பி எழுதியது:

இப்போதுதான் சித்தப்பாவிடம் பேசினேன். பன்றி வருவதில்லையாம், மயில்தான் நிறைய வருமாம். விடியற்காலையில் அது கத்துகிற சத்தத்துக்குப் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தார். கயிற்றுக்கட்டில் இரண்டு இருக்கிறதாம், கயிறு தளர்ந்திருக்கிறது, நாங்கள் வருவதற்குள் இழுத்துக் கட்டி வைக்கிறேன் என்றார்.